முதல் பட்டா வாங்கியவர் என்ன ஆனார்?

ஒரு வாசகர் கேட்டது: "ஆஸ்திரேலியாவுக்கு முதலில் வந்த இங்கிலீஷ்காரர்களுக்கெல்லாம் சும்மா நிலம் கொடுத்தார்கள். வந்தவன் வேலி போட்டான், பேரன் கோடீஸ்வரன் ஆனான். இதற்கு விதிவிலக்கு ஒருத்தராவது உண்டா? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்."

பிப்ரவரி 8, இரவு

ஜேம்ஸ் ரூஸ்.

நியூ சவுத் வேல்ஸ் காலனியில் எழுதிக் கொடுத்த முதல் நிலப் பட்டா இவர் பெயரில்தான் இருக்கிறது. 30 ஏக்கர், பரமட்டாவில். வயதான காலத்தில் இன்னொருத்தர் பண்ணையில் மேற்பார்வையாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். விரிவாக நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 9, காலை

சிட்னித் தமிழ்ப் பெற்றோருக்கு இந்தப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும். செலக்டிவ் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளையைக் கோச்சிங் அனுப்புகிறவர்கள் "ஜேம்ஸ் ரூஸ் கிடைத்துவிட்டால் போதும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கார்லிங்ஃபோர்டில் இருக்கும் அரசு வேளாண்மை உயர்நிலைப் பள்ளி அது. அந்த ஆள் யார் என்று அங்கே படிக்கும் என் நண்பரின் பையனிடம் கேட்டேன். "ஃபார்மர்" என்றான். சரி, பாதி மதிப்பெண் போடலாம். மீதிப் பாதி, அவர் ஒரு கைதி.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், லான்ஸ்டன் பக்கத்தில் 1759-ல் பிறந்தவர். விவசாய வேலை பார்த்து வளர்ந்தவர். 1782-ல் ஒரு வீட்டை உடைத்துத் திருடியதாக பாட்மின் நீதிமன்றத்தில் வழக்கு. எடுத்தது இரண்டு வெள்ளிக் கடிகாரம், அதாவது பையில் போட்டுக்கொள்ளும் அந்தக் காலத்துச் சங்கிலிக் கடிகாரம். தீர்ப்பு: தூக்கு. பிறகு கருணை காட்டி, ஏழு வருடம் ஆப்பிரிக்காவுக்கு நாடுகடத்தல் என்று மாற்றினார்கள். ஆப்பிரிக்கா போகவே இல்லை. பிளிமத் துறைமுகத்தில் 'டன்கர்க்' என்ற பழைய கப்பலைச் சிறையாக்கி வைத்திருந்தார்கள், அதில் வருடக்கணக்காக அடைத்தே வைத்திருந்தார்கள். அமெரிக்கா கைவிட்டுப் போன பிறகு இங்கிலாந்துக்குக் கைதிகளைக் கொட்ட இடமில்லை, அதுதான் சங்கதி.

கடைசியில் 1787 மே 13-ம் தேதி போர்ட்ஸ்மத்தில் இருந்து 11 கப்பல்கள் கிளம்பின. ரூஸ் இருந்தது 'ஸ்கார்பரோ'வில். 1788 ஜனவரியில் பாட்டனி விரிகுடா, பிறகு சிட்னி கோவ் என்ற சின்னக் குடா.

ஆக, "வந்தவன் வேலி போட்டான்" என்பதில் முதல் திருத்தம்: வந்தவர்களில் பெரும்பாலானோர் தாமாக வரவில்லை.

பிப்ரவரி 9, மதியம்

"கரையில் முதலில் கால் வைத்ததே இந்த ரூஸ்தான், ஒரு அதிகாரியை முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கதை உண்டு, லெப்டினன்ட் ஜார்ஜ் ஜான்ஸ்டனைத் தூக்கி வந்ததாக. ஆனால் கவர்னர் ஆர்தர் ஃபிலிப் இருந்த 'சப்ளை' ஜனவரி 18-ம் தேதியே பாட்டனி விரிகுடாவில் நங்கூரம் போட்டு, அன்றே ஆட்கள் கரை இறங்கிவிட்டார்கள். 'ஸ்கார்பரோ' வந்து சேர்ந்தது 19-ம் தேதி. சிட்னி கோவுக்கும் 'சப்ளை'தான் முன்னால் போனது. அதனால் முதல் கால் யாருடையதாக இருந்தாலும் ரூஸின் காலாக இருப்பது கஷ்டம். அதிலும் தூக்கிக்கொண்டு வந்தால் மேலே இருப்பவர் கால் நனையாது, அவர் கணக்கில் வருமா வராதா என்று வேறு யோசிக்க வேண்டும்.

யாரையாவது முதுகில் தூக்கியிருப்பார், அது நிச்சயம். கைதி வேலையே அதுதானே.

பிப்ரவரி 10, இரவு

இப்போது, ஒரு திருடனுக்கு ஏன் நிலம் கொடுத்தார்கள்?

பசி. வேறு காரணமே இல்லை. ஆயிரம் பேரைக் கொண்டு வந்து இறக்கிய திட்டத்தில் விவசாயம் தெரிந்தவர்களைத் தேடித் தேர்ந்தெடுக்கவில்லை. லண்டன் தெருத் திருடர்கள், கடைத் திருடர்கள், சிப்பாய்கள். சிட்னி கோவ் கரையில் போட்ட கோதுமை விளையவில்லை. நீண்ட கடல் பயணத்தில் விதை பாழாகி, வண்டு விழுந்திருந்தது. கீழே மணற்பாறை, மேலே கொஞ்சம் மண். கலப்பை கிடையாது. இருந்தாலும் இழுக்க மாடு கிடையாது, ஏனென்றால் வந்த சில மாதங்களிலேயே மாடுகள் காட்டுக்குள் ஓடிவிட்டன (அது தனிக் கதை, ஞாபகப்படுத்துங்கள்). 1788 கடைசியில் ஆற்றின் தலைமாட்டில், ரோஸ் ஹில் என்று அப்போது பெயர் வைத்த இடத்தில், களிமண் பூமி கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று அரசுப் பண்ணை போட்டார்கள். அதுதான் இன்றைய பரமட்டா.

உணவு கொண்டுவந்த 'கார்டியன்' 1789 டிசம்பரில் தென் கடலில் பனிப்பாறையில் மோதியது. காலனியின் பெரிய கப்பலான 'சிரியஸ்' 1790 மார்ச்சில் நார்ஃபோக் தீவில் பாறையில் ஏறி உடைந்தது. 1790 ஏப்ரலில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இரண்டரை பவுண்டு மாவு, இரண்டு பவுண்டு உப்புப் பன்றிக்கறி, இரண்டு பவுண்டு அரிசி. அரிசியில் ஒவ்வொரு மணியும் உள்ளே இருந்த பூச்சியால் நகர்ந்ததாக வாட்கின் டெஞ்ச் என்ற கடற்படைவீரர் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். கவர்னர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள்கூட அவரவர் ரொட்டியை எடுத்துப் போக வேண்டியிருந்தது. மொய் எழுதுகிற ஊரில் பிறந்த எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்தது. சாப்பாடும் நம்முடையது, மரியாதையும் நம்முடையது.

இதற்கெல்லாம் முன்பே, 1789 நடுவில், ரூஸ் போய் "என் ஏழு வருடம் முடிந்துவிட்டது" என்கிறார். யாருக்குத் தண்டனை எப்போது முடிகிறது என்ற பதிவுகளைக் கப்பலோடு அனுப்ப மறந்துவிட்டார்கள்! ஃபிலிப்பால் சரிபார்க்க முடியவில்லை. ஆனால் இந்த ஆள் கேட்டது விடுதலையை மட்டும் இல்லை, நிலமும் கேட்டார். 1789 நவம்பரில் ஃபிலிப் பரமட்டாவில் ஒரு துண்டைக் காட்டி, "செய்து காட்டு, பட்டாவை அப்புறம் பார்க்கலாம்" என்ற ரீதியில் விட்டார். அதனால்தான் அந்த இடத்துக்கு சோதனைப் பண்ணை என்ற அர்த்தத்தில் 'எக்ஸ்பெரிமெண்ட் ஃபார்ம்' என்று பெயர். ஒரு குடும்பம் சாப்பிட எத்தனை ஏக்கர் வேண்டும், எத்தனை மாதம் அரசு சோறு போட வேண்டும் என்று பார்க்க நினைத்தார் கவர்னர். சோதனை எலி ரூஸ்.

பிப்ரவரி 10, இன்னும் இரவு

மாட்டுக் கதை கேட்டு உடனே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். சுருக்கமாக: நன்னம்பிக்கை முனையில் வாங்கி வந்த இரண்டு காளையும் நாலைந்து பசுவும் 1788-ல் மேய்க்கிறவன் கண்ணை மறைத்துப் போய்விட்டன. செத்தே போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். 1795-ல் தென்மேற்கே நேப்பியன் ஆற்றைத் தாண்டிப் பார்த்தால், அறுபதுக்கு மேல் உருப்படியாக நல்ல கொழுத்த மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தன. காலனியில் யாருடைய உதவியும் இல்லாமல் முதலில் செழித்த குடியேறிகள் அந்த மாடுகள்தான். ரூஸுக்கு இரண்டாம் இடம்.

பிப்ரவரி 12

இன்று வீட்டில் இருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுவேன். அவர் விவசாயம் செய்த விதம்தான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

1790 கடைசியில் டெஞ்ச் நேரில் போய் ரூஸிடம் பேசி, அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். படிப்பு அதிகம் இல்லாத ஒரு கைதி விவசாயியின் பேச்சு இவ்வளவு விவரமாகப் பதிவானது பெரிய விஷயம். அதன் சாரம்: வெட்டிய மரத்தை நிலத்திலேயே எரித்துச் சாம்பலை மண்ணோடு கொத்திவிட்டார். நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது ராட் மட்டும்தான் மண்வெட்டியால் கொத்துவார், அதற்கு மேல் போக மாட்டார். அரசுப் பண்ணையில் மேலாகச் சுரண்டிவிட்டுப் போவது போல இல்லாமல் ஆழமாக, கட்டி உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து. பிறகு எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் வெயிலிலும் காற்றிலும் ஆறப் போட்டார். விதைப்பதற்கு முன்னால் திரும்ப ஒரு முறை புரட்டினார். அறுவடைக்குப் பின் டர்னிப் போடப் போவதாகவும், வைக்கோலையும் மட்கக்கூடிய எதையும் குழியில் போட்டு எருவாக்கப் போவதாகவும் சொன்னார்.

ராட் என்றால் நமக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு 160 சதுர ராட். எட்டு ராட் என்பது சரியாக ஐந்து சென்ட். ஒற்றை ஆள், மண்வெட்டி, கோடை வெயில், வேர் பின்னிக் கிடக்கும் காட்டு மண், நாளுக்கு ஐந்து சென்ட். என் வீட்டுக் கொல்லையில் காய்கறிப் பாத்தி போட்ட அனுபவத்தில் சொல்கிறேன், இது சாதாரண வேலை இல்லை. நான் இருக்கும் வென்ட்வொர்த்வில் பக்கத்திலும் இதே களிமண்தான். ஜனவரியில் மண்வெட்டி 'டங்'கென்று திரும்பி வரும். மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு விடாது. ஜிப்சம் போடு, எரு போடு என்று நர்சரிக்காரர் சொன்னதைக் கேட்டு எல்லாம் போட்டேன். வெண்டை வருகிறது, கத்தரி வருகிறது, முருங்கை மட்டும் ஒவ்வொரு குளிருக்கும் படுத்துக்கொள்கிறது. ரூஸ் தன் மண்ணைப் பற்றி டெஞ்சிடம் சொன்னது: நடுத்தரம், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, எரு இருந்தால் விளைய வைத்துக் காட்டுவேன், மாடு இல்லாமல் போனால் ஓய்ந்துவிடும். இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதேதான் சொல்வார்கள்.

அப்போது அவரிடம் ஒன்றரை ஏக்கர் கோதுமை, அரை ஏக்கர் மக்காச்சோளம், சின்னக் காய்கறித் தோட்டம். விதைத்தது மூன்று புஷல், எதிர்பார்த்தது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று புஷல். புஷலுக்கு 27 கிலோ என்று வைத்தால் 350 கிலோ வரை. நாலு மடங்குதான், நம் ஊரில் சிரிப்பார்கள். அடுத்த வருட விதைக்கு 80 கிலோவை எடுத்து வைத்தால் மீதி 270. இரண்டு பேர் வருடம் முழுக்க ரொட்டி தின்ன அது இழுத்துப் பிடித்தால் போதும், மிச்சத்தைச் சோளம் பார்த்துக்கொள்ளும். கதிர் வயலில் நிற்கும்போதே இராத்திரி திருட்டு வேறு. எவ்வளவு காவல் காத்தாலும் மற்றக் கைதிகள் ஏறக்குறைய தினமும் வந்து எடுத்துப் போவதாகப் புலம்பியிருக்கிறார். கடிகாரம் எடுத்தவரின் புலம்பல் என்று சிரிக்கலாம்தான். வாரத்துக்கு இரண்டரை பவுண்டு மாவில் கிடந்தால் நானும் போய்ப் பறித்திருப்பேன்.

1791 பிப்ரவரியில் ரூஸ், இனி அரசுக் கிடங்கில் எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஏப்ரலில் 30 ஏக்கர் உறுதியானது. பத்திரத்தின் தேதி 1792 பிப்ரவரி 22.

பிப்ரவரி 13

"அப்படியானால் தன் உழைப்பால் முன்னேறியவர்" என்று ஒருவர் கை தட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள். குடிசை கட்டித் தந்தது அரசு. கருவி, விதை, இரண்டு பெண் பன்றி, ஆறு கோழி, எல்லாம் அரசு. மரம் வெட்ட ஆள் உதவி, சில காலம் ஒரு கைதியின் கூலியில்லா உழைப்பு, பதினைந்து மாதத்துக்குக் கிடங்கு ரேஷன். இன்றைக்கு இதற்குப் பெயர் மானியம். நான் மானியத்துக்கு எதிரி இல்லை, எங்கள் வீட்டில் பம்பு செட் ஓடியதே இலவச மின்சாரத்தில். ஆனால் தனி ஆளாகக் காட்டை ஜெயித்தார் என்ற படத்தை மாட்டுவதற்கு முன் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிப்ரவரி 13, மாலை

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தால், உதவிப் பட்டியலில் முக்கியமான ஆளை விட்டு அரசைப் பற்றியே பேசியிருக்கிறேன். எலிசபெத் பெரி. 1790 ஜூனில் 'லேடி ஜூலியானா'வில் வந்த பெண் கைதிகளில் ஒருவர். அந்த செப்டம்பர் 5-ம் தேதி ரூஸுக்கும் அவருக்கும் திருமணம். டெஞ்சிடம் ரூஸ் சொன்னது: உதவிக்கு இப்போது மனைவி தவிர யாரும் இல்லை, நல்ல உழைப்பாளி. எலிசபெத்தைப் பற்றி அந்தப் பேட்டியில் இருப்பது அவ்வளவுதான். ஐந்து சென்ட் கணக்கை நான் ஒற்றை ஆள் என்று போட்டேன், அதில் பாதி மண்வெட்டி இவர் கையில் இருந்திருக்கலாம். கணவர் மண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார், அந்த நேரத்தில் இந்த அம்மா எங்கே நின்றார், டெஞ்சுக்கு உட்கார ஒரு கட்டையாவது இருந்ததா, கொடுக்க ஏதாவது இருந்ததா என்றெல்லாம் யோசிக்க வைக்கிறது. எங்கள் பாட்டியும் நடவில் நின்றவர். பட்டாவில், சிட்டாவில், அடங்கலில் எங்கும் அவர் பெயர் கிடையாது.

பிப்ரவரி 14

ஒரு வரித் தகவல்: ரூஸ் இறந்தது 1837 செப்டம்பர் 5. கல்யாண நாள். எலிசபெத் அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். இன்று காதலர் தினம் என்பதால் போட்டேன்.

பிப்ரவரி 15

"காலி நிலத்தைத்தானே கொடுத்தார்கள், இதில் என்ன பிரச்சினை?" என்று கேட்டவருக்கு.

காலி இல்லை. பரமட்டா ஆற்றின் தலைப்பகுதி தரூக் என்ற பூர்வகுடி மக்களில் புரமட்டகல் என்ற குழுவின் இடம். மீனும் விலாங்கும் அவர்கள் சாப்பாடு. அங்கங்கே தீ வைத்துப் புல்வெளியாக வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். மரம் குறைவாக, பூங்கா போல இருக்கிறது என்று வந்தவர்கள் வியந்து எழுதினார்களே, அது தானாக வந்த பூங்கா இல்லை. 1789 ஏப்ரலில் சிட்னியைச் சுற்றி அம்மை பரவியது. கரையோரக் குகைகளில் பிணங்கள் கிடந்தன. சில குழுக்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே மிஞ்சினார்கள். ரூஸுக்கு இடம் காட்டியது அதே வருடம் நவம்பரில். ஏழு மாத இடைவெளி. "காலி"யாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கவர்னருக்கு லண்டன் கொடுத்த உத்தரவில், விடுதலையான கைதிக்கு 30 ஏக்கர், மனைவி இருந்தால் இன்னும் 20, பிள்ளைக்குத் தலா 10 என்று அளவு எல்லாம் போட்டிருந்தது. யாரிடம் வாங்கிக் கொடுப்பது என்பதற்கு வரி இல்லை.

ரூஸை இதற்காகத் தனியாகக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்த ஆள். ஆனால் அவர் மண்வெட்டி இறங்கிய இடம் யாருடையது என்பதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்லவும் முடியாது.

பிப்ரவரி 17

இப்போது நீங்கள் கேட்ட "பேரன் கோடீஸ்வரன்" விஷயம்.

1793 அக்டோபரில் ரூஸ் பண்ணையை விற்றுவிட்டார். வீடு, கொஞ்சம் ஆடு எல்லாம் சேர்த்து 40 பவுண்டு. அந்த வருடம் விதைப்பு தாமதமாகி மகசூல் ஏமாற்றியது, ஊருக்குத் திரும்பிப் போகும் ஆசையும் இருந்தது என்று டேவிட் காலின்ஸ் என்ற அதிகாரியின் குறிப்பில் இருக்கிறது. காலனியின் முதல் பட்டாவுக்கு ஆயுள் இரண்டு வருடம்கூட இல்லை!

வாங்கியவர் ஜான் ஹாரிஸ், நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் மருத்துவர். இங்கேதான் உங்கள் குற்றச்சாட்டு பொருந்துகிறது. ஃபிலிப் 1792 டிசம்பரில் இங்கிலாந்து போனதும் பொறுப்புக்கு வந்த மேஜர் குரோஸ், படை அதிகாரிகளுக்கு நூறு நூறு ஏக்கராக நிலம் கொடுத்தார். உழைக்கக் கைதிகள், அந்தக் கைதிகளுக்குச் சாப்பாடு அரசுக் கிடங்கில். கப்பலில் வரும் சரக்கை மொத்தமாக வாங்கும் பணமும் அவர்களிடம். விளைந்ததை வாங்குவதும் அதே அரசுக் கிடங்கு. ரூஸின் நிலத்துக்குப் பக்கத்திலேயே அந்த அதிகாரிகளில் ஒருவரான ஜான் மெக்கார்தர் நிலம் பெற்று, மனைவி பெயரில் 'எலிசபெத் ஃபார்ம்' என்று வைத்தார். 1794 ஆகஸ்டில் அவர் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வருட விளைச்சலில் 400 பவுண்டுக்கு விற்றேன், கிடங்கில் இன்னும் 1,800 புஷல் தானியம் இருக்கிறது என்கிறார். ரூஸ் வீட்டோடு விற்றது 40. அதே மண், அதே மழை, இடையில் ஒரு வாய்க்கால் தூரம்.

ஆக "முதலில் வந்தவர்கள் எல்லோரும்" என்பதை "முதலில் வந்தவர்களில் சீருடை போட்டவர்கள்" என்று மாற்றினால் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பிப்ரவரி 18

ஹாரிஸ் என்றதும் "ஹாரிஸ் பார்க்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அதே ஹாரிஸ்தான். சிட்னியின் லிட்டில் இந்தியா. விக்ரம் தெருவில் தோசைக்கு வரிசையில் நிற்கிறோமே, அதற்கு நடக்கிற தூரத்தில் ரூஸ் தெரு என்றே ஒன்று இருக்கிறது, அதில் எக்ஸ்பெரிமெண்ட் ஃபார்ம் காட்டேஜ். தாழ்வாரம் வைத்த அழகான வீடு, நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில். அங்கே நின்று படம் எடுத்து "ரூஸ் வாழ்ந்த வீடு" என்று போடுகிறவர்கள் கவனிக்க: அது ஹாரிஸ் காலத்தில், 1830களில் கட்டியது. ரூஸ் இருந்தது மண் பூசிய குடிசை, அதில் எதுவும் மிச்சமில்லை.

இன்னொன்று. 1792 ஜூனில் 'அட்லாண்டிக்' கப்பல் கல்கத்தாவில் இருந்து அரிசி, ரவை, பருப்பு ஏற்றிக்கொண்டு சிட்னிக்கு வந்தது. பசி தீர்க்க வங்காளத்துக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள். ஹாரிஸ் பார்க் மளிகைக் கடையில் துவரம்பருப்பு விலையைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கப்பல் ஞாபகம் வரும். 1792-ல் இலவச ரேஷன், இப்போது கொள்ளை விலை.

பிப்ரவரி 22

விற்ற பணத்தில் ஊர் போய்ச் சேர்ந்தாரா? இல்லை. காலின்ஸ் கொஞ்சம் குத்தலாகவே எழுதுகிறார், கையில் வந்த பணம் கரைந்துபோனது என்று. 1794 ஜனவரியில் ரூஸும் இன்னும் சிலரும், மொத்தம் 22 பேர், வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலம் எடுத்தார்கள். தண்ணீர் பக்கம், மரம் குறைவு, கறுப்பு வண்டல். நடுத்தர மண்ணில் மாடு இல்லாமல் மாரடித்தவருக்கு இது சொர்க்கமாகத் தெரிந்திருக்கும்.

எனக்கு உடனே கொள்ளிடக் கரைப் படுகைதான் கண்ணில் வந்தது. தாத்தாவுக்கு அங்கே கொஞ்சம் இருந்தது. எரு போடாமலே வாழையும் கரும்பும் ஆளை மறைக்கும். ஆனால் படுகையில் யாரும் வீடு கட்ட மாட்டார்கள், களஞ்சியம் வைக்க மாட்டார்கள். ஆறு கொடுத்ததை ஆறு எடுக்கும் என்று தெரிந்து குடியிருப்பு எல்லாம் கரைக்கு இந்தப் பக்கம். ஹாக்ஸ்பரிக்குப் போனவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இருந்தது, கேட்கத்தான் இவர்கள் தயாராக இல்லை. அந்த ஆறு தரூக் மொழியில் தேரபின். கரையில் விளையும் ஒரு வகைக் காட்டுக் கிழங்குதான் அந்த மக்களின் முக்கிய உணவு. குடியேறிகள் கிழங்குத் தரையைக் கொத்திச் சோளம் போட்டார்கள். கிழங்கு போன இடத்தில் முளைத்த சோளத்தை அவர்கள் வந்து பறித்தார்கள். இவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். 1795-ல் படையையே அனுப்பினார்கள். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த ஆறு நெடுகப் பகை.

அப்புறம் வெள்ளம். 1799, 1806, 1809. 1806 மார்ச் வெள்ளத்தில் அடுக்கி வைத்த கோதுமை, பன்றி, வீட்டுக் கூரை எல்லாம் ஆற்றோடு. 1810-ல் புது கவர்னர் மக்வாரி வந்துதான் மேட்டில் ஐந்து ஊர் அமைத்து, அங்கே போய்க் குடியிருங்கள் என்றார். விண்ட்சர், ரிச்மண்ட் எல்லாம் அப்படி வந்தவை. 2021 மார்ச்சில் விண்ட்சரில் அதற்கு முந்தைய வருடம்தான் திறந்த புதுப் பாலம் தண்ணீருக்குள் போனது, அடுத்த வருடமும் போனது. நண்பர் ஒருவர் அந்தப் பக்கம் வீடு பார்க்கிறேன் என்றபோது நான் சொன்னதும் படுகைக் கதைதான். விலை குறைவு, இடம் பெரிசு, கொல்லையில் எது போட்டாலும் வரும், எல்லாம் வாஸ்தவம். ஏன் விலை குறைவு என்று கேளுங்கள் என்றேன். காப்பீட்டுக்காரர் சொன்ன பிரீமியத்தைக் கேட்டுவிட்டு அவரே திரும்பி வந்துவிட்டார்.

மார்ச் 1

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் "கடைசியில் என்ன ஆனார்?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

ஹாக்ஸ்பரியில் நிலைக்கவில்லை. 1809-ல் பேங்க்ஸ்டவுன் பக்கம் 100 ஏக்கர் கிடைத்தது, அதுவும் தங்கவில்லை. 1819-ல் விண்ட்சரில் பத்து ஏக்கர். 1828 மக்கள் கணக்கெடுப்பில், லோயர் மிண்டோவில் கேப்டன் புரூக்ஸ் என்பவரின் பண்ணையில் மேற்பார்வையாளர் என்று பதிவு. அப்போது வயது எழுபதை நெருங்குகிறது.

தோற்றுப் போனவர் என்று முதலில் நினைத்தேன், முதல் நாள் குறிப்பிலும் அந்தத் தொனி இருக்கிறது. இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர், அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருடம் இருந்திருக்கிறார். 1790-ல் இரண்டாவது கப்பல் கூட்டத்தில் ஏற்றிய ஆயிரம் கைதிகளில் கால்வாசிப் பேர் கரை சேர்வதற்குள் செத்தார்கள், அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏக்கர் கணக்கை மட்டும் வைத்து இவரை அளப்பது மெக்கார்தரின் அளவுகோலால் அளப்பது.

மார்ச் 2

கல்லறை பற்றிக் கேட்டவருக்கு: கேம்ப்பெல்டவுனில் செயிண்ட் ஜான்ஸ் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். கடைசிக் காலத்தில் கத்தோலிக்கராக மாறியவர். கல்லில் இருப்பதை அவரே செதுக்கினார் என்று ஊரில் சொல்வார்கள். எழுத்துப் பிழை மயம். அம்மா அன்பாக, பாடுபட்டு வளர்த்தாள் என்றும், இந்தக் காலனிக்கு வந்து முதல் தானியத்தை விதைத்தது நான்தான் என்றும் இருக்கிறது. கறாராகப் பார்த்தால் அது சரியில்லை. அரசுப் பண்ணையில் அவருக்கு முன்பே விதைத்துவிட்டார்கள். தனக்கென்று விதைத்து அறுத்துச் சாப்பிட்டுக் காட்டியதில் முதல் ஆள் என்று வேண்டுமானால் திருத்தலாம். கல்லில் திருத்த யார் போவது, விடுங்கள்.

மார்ச் 2, இரவு

முதுகில் ஏறி வந்ததாகக் கதை உள்ள ஜார்ஜ் ஜான்ஸ்டன் யார் என்று இன்னொருவர். 1808-ல் படையை நடத்திப் போய் கவர்னர் பிளையைக் கைது செய்தாரே, ரம் கலகம், அதே ஜான்ஸ்டன். தேதி ஜனவரி 26, கப்பல்கள் சிட்னி கோவ் குடாவில் நின்று சரியாக இருபது வருடம். அதற்குப் பின்னால் நின்று தூண்டியவர் மெக்கார்தர். அந்தக் கதையில் செம்மறி ஆடு, சாராயம், டூயல் எல்லாம் வரும். அதைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே வேண்டாம். தொடங்குகிறவர் எனக்கு ஒரு குரல் கொடுத்தால் வருகிறேன்.